சும்மா உட்கார்ந்திருப்போர் பட்டியல்

"என் பேரை அடி. இப்பவே அடி. என் பேரு மட்டுமில்ல, மணியம்மா பேரு, அந்த ஒன்பது பேர் பேரையும் அடி."

"அக்கா, அது ஒரு தலைப்பு. விஞ்ஞானத்துல அப்படித்தான் எழுதுவாங்க."

"ஜெபம் பண்றவள சும்மா குந்திக்கினு கீறவன்னு எழுதுமா உன் விஞ்ஞானம்? முப்பது வருசமா முட்டி தேய ஜெபம் பண்ணிக்கினு கீறேன். நீ ஒரே வரியில 'சும்மா உட்கார்ந்திருப்போர்'னு போட்டுட்ட. போதகர் ஐயா இத்த படிச்சா இன்னா நெனப்பாரு? வெள்ளைக்காரத் துரைசாணி ஆரம்பிச்சு வச்ச புதன்கிழமை ஜெபம் இது."

"நான் தப்பா ஒண்ணும் எழுதல அக்கா. தியானம் பண்றவங்க ஒரு பக்கம், பண்ணாதவங்க ஒரு பக்கம். ஒப்பிட்டுப் பாக்கணுமில்ல?"

"ஒப்பிட்டுப் பாக்க நாங்கதான் கெடச்சமா?"

சித்தூர் சந்தைப்பேட்டையில், மிஷன் காம்பவுண்டுச் சுவரை ஒட்டிய எங்கள் தெருவில், எழுபத்தேழாம் வருடம் ஆகஸ்ட் மாதத்துப் புதன்கிழமை ஒன்றில் இது நடந்தது. கத்தியவர் ஞானம்மாள், எங்கள் சபையின் பெண்கள் சங்கத் தலைவி. திட்டு வாங்கியவர் அவருடைய தங்கை புருஷன் எர்னஸ்ட் மாஸ்டர், ஹைஸ்கூலில் சயன்ஸ் வாத்தியார். இருவருக்கும் நடுவில் கிருபாபாய் நின்றிருந்தார். ஆஸ்பத்திரியில் ஸ்டாஃப் நர்ஸ். கையில் பிரஷர் மிஷினைப் பெட்டியோடு பிடித்துக்கொண்டு அக்காளையும் பார்க்கவில்லை, புருஷனையும் பார்க்கவில்லை. வாசற்படியில் துண்டு மூட்டையை இறக்கி வைத்துவிட்டு நகரி நாகபூஷணம் காப்பிக்குக் காத்திருந்தார். சண்டை முடியாமல் காப்பி வராது என்று அவருக்குத் தெரிந்திருந்தது. எங்களுக்கும் தெரிந்திருந்ததால் யாரும் சன்னலை விட்டு நகரவில்லை.

இது புதன்கிழமை ஆரம்பித்த சண்டை இல்லை. மாஸ்டரின் அண்ணன் தேவானந்தம் நாற்பத்தெட்டாம் வயதில், கோயிலில் வேதபாடம் வாசித்துக்கொண்டிருந்தபோது பாதி வசனத்தில் சாய்ந்து விழுந்தார். பிரஷர் என்றார்கள். அதுவரை எங்கள் தெருவில் பிரஷர் என்பது மண்ணெண்ணெய் அடுப்புக்கு அடிக்கிற காற்றாகத்தான் இருந்தது. கிருபாபாய் உடனே புருஷனின் கையைப் பிடித்துப் பட்டையைச் சுற்றி அளந்தார். நூற்றெழுபதுக்கு மேல். மாஸ்டருக்கு அப்போது நாற்பத்தாறு.

டாக்டர் ஒரு மாத்திரை எழுதினார். சர்ப்பகந்தி வேரிலிருந்து எடுத்த மாத்திரை என்று கிருபாபாய் தெருவுக்கே விளக்கினார். பிரஷர் இறங்கியது. கூடவே மாஸ்டரும் இறங்கினார். பகலில் கண் சொருகியது, மூக்கு எப்போதும் அடைத்தது. ஒன்பதாம் வகுப்பில் காந்தத்தைப் பற்றிப் பேசிக்கொண்டே மேசையில் தலை வைத்துத் தூங்கிவிட்டார். பிள்ளைகள் சத்தம் போடாமல் வெளியே போய், மணி அடித்ததும் திரும்பி வந்து உட்கார்ந்திருக்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அவர் விடுகிற குறட்டைக்குத் தெருநாய் எழுந்து இடம் மாறிப் படுத்துக்கொள்ளும். மிகைப்படுத்திச் சொல்லவில்லை, அந்த நாயை எல்லோரும் பார்த்திருக்கிறோம்.

இந்த நிலைமையில்தான் நாகபூஷணம் வந்து சேர்ந்தார். நகரியில் பத்துப் பவர்லூம் வைத்திருப்பவர். புதன்கிழமைதோறும் பஸ்ஸில் துண்டும் லுங்கியும் கொண்டு வந்து கடைகளுக்குப் போட்டுவிட்டு, பெண் செல்வி இந்த மாஸ்டரிடம் படித்தவள் என்ற உரிமையில் காப்பிக்கு வருவார். பத்து லூமின் சத்தத்தில் நாள் முழுக்க நிற்கிற மனுஷன் இவ்வளவு நிதானமாக எப்படி இருக்கிறார் என்று மாஸ்டர் கேட்டார்.

"காலையில இருபது நிமிஷம் கண்ணை மூடிக்கினு குந்துவேன் மாஸ்டரு. மூச்சைப் பாப்பேன். அந்தே, அவ்ளோதான். வேற ஏமி லேது."

மாஸ்டருக்கு அது பிடித்துப்போனது. ஆனால் சபைக்காரர், மந்திரம் சொல்ல முடியாது. வாசகசாலையில் ஒரு பத்திரிகையில், அமெரிக்காவில் டாக்டர்கள் தியானம் செய்பவர்களை உட்கார வைத்து மூச்சும் இரத்த அழுத்தமும் அளந்து பார்க்கிறார்கள் என்று படித்தார். மந்திரம் கட்டாயமில்லை, ஏதோ ஒரு சின்னச் சொல் போதும் என்று அதில் போட்டிருந்ததாம். ஒவ்வொரு மூச்சுக்கும் 'ஒன்' என்று ஆங்கிலத்தில் சொல்லிக்கொண்டார். இரண்டு வரவில்லை, மூன்றும் வரவில்லை. விடியற்காலையில் பால் வாங்கப் போகிறவர்களுக்கு அந்த வீட்டிலிருந்து ஒன், ஒன் என்று கேட்கும். எண்ணத் தெரியாத சயன்ஸ் வாத்தியார் என்று எங்களில் சிலர் சொன்னோம். ஞானம்மாள் அதைவிடப் பெரிதாகச் சொன்னார். தங்கை வீட்டில் மந்திரம் புகுந்துவிட்டது என்று போதகர் வரை போனார்.

"இதுல சாமியே கிடையாது அக்கா, இது உடம்பு சமாச்சாரம்" என்று மாஸ்டர் சொல்லிப் பார்த்தார்.

"சாமியே இல்லாம கண்ணை மூடறது அதைவிட மோசம்" என்றார் ஞானம்மாள்.

இதெல்லாம் வேடிக்கை. கிருபாபாய்க்கு வேடிக்கையாக இல்லாத ஒன்று நடுவில் நடந்தது. ஜூன் கடைசியில் ஒருநாள் மாஸ்டர், "தியானமே போதும், மாத்திரையை நிறுத்திடறேன்" என்றார். கிருபாபாய் அடுப்பை அணைத்துவிட்டு வந்து எதிரில் நின்றார்.

"டிசம்பர் வந்தா உங்களுக்கு நாப்பத்தெட்டு. ஒங்க அண்ணனுக்கு என் கையாலதான் கண்ணை மூடினேன். நீங்க சயன்ஸ் வாத்தியாரு. அது போதும்னு நிரூபிச்சுக் காட்டுங்க. காட்டினா நானே நிறுத்தறேன். அதுவரைக்கும் மாத்திரை போட்டுத்தான் ஆகணும்."

மாஸ்டர் அன்றே நாற்பது பக்க நோட்டு ஒன்றில் கோடு போட்டார். தினமும் காலை பால் வாங்கிவிட்டு சைக்கிளில் திரும்பி வந்து பிரஷர் பார்ப்பார், தாமே பட்டையைச் சுற்றித் தாமே காதில் மாட்டிக்கொண்டு. இருபது நிமிஷம் உட்கார்ந்து எழுந்து மறுபடி பார்ப்பார். நோட்டில் வித்தியாசத்தை மட்டும்தான் எழுதுவார்; ஒவ்வொரு நாளும் இருபது, இருபத்திரண்டு என்று இறங்கியிருந்தது. நாகபூஷணத்தையும் புதன்கிழமைகளில் அளந்தார். அவருக்கும் இறங்கியது. அப்புறம்தான் ஒப்பிட்டுப் பார்க்க ஆள் வேண்டுமே என்று யோசித்தார்.

எங்கள் தெருவில் இருபது நிமிஷம் ஒரே இடத்தில் வாய் பேசாமல் உட்காருகிற கூட்டம் ஒன்றே ஒன்றுதான் உண்டு. புதன்கிழமை நாலு மணிக்கு ஞானம்மாள் வீட்டில் கூடுகிற ஒன்பது பெண்கள். பாட்டு, வசனம், அதன்பிறகு இருபது நிமிஷம் மௌன ஜெபம். எப்போதோ ஒரு துரைசாணி கற்றுக்கொடுத்துவிட்டுக் கப்பலேறிப் போன பழக்கம். மணியம்மா கூட வாயைத் திறக்கமாட்டார், அதிலிருந்தே அது எவ்வளவு பலமான பழக்கம் என்று தெரிந்துகொள்ளலாம். மாஸ்டர் அவர்களிடம் இலவசமாகப் பிரஷர் பார்க்கிறேன் என்றார், அவ்வளவுதான். வெயிலில் நடந்து வந்து, வாசலில் நின்று ஊர்க்கதையெல்லாம் பேசி முடித்து, வரிசையில் வந்து கையை நீட்டினார்கள். ஜெபம் முடிந்ததும் இன்னொரு தடவை நீட்டினார்கள். அவர்களுக்கும் சொல்லிவைத்தாற்போல் இறங்கியது. மாஸ்டருக்கு முகம் விழுந்துவிட்டது. ஒன்றும் செய்யாதவர்களுக்கு இறங்கக்கூடாதே. அந்த யோசனையில் நோட்டை மேசைமேல் மறந்து வைத்துவிட்டுப் போய்விட்டார். ஞானம்மாள் சர்க்கரை வாங்க வந்தவர் அதைத் திறந்து பார்த்தார். திறக்காமல் இருப்பாரா?

சண்டை அன்றைக்கு எப்படி முடிந்தது என்றால், கிருபாபாய் பெட்டியைத் திறந்து, "அக்கா, கையை நீட்டு" என்றார். கத்திக்கொண்டிருந்த வாயோடு ஞானம்மாள் கையை நீட்டினார். நர்ஸ் கேட்டால் எல்லோரும் நீட்டிவிடுகிறோம். பாதரசம் எங்கே போய் நின்றதோ, கிருபாபாய் சொல்லவில்லை. "போய்க் கொஞ்ச நேரம் சும்மா ஒக்காரு" என்றார். எங்கள் சன்னல்களில் சிரிப்பை அடக்க முடியவில்லை. நாகபூஷணத்துக்குக் காப்பி வந்தது.

சனிக்கிழமை பாலசுந்தரம் வந்தான். மாஸ்டரிடம் படித்த பையன்களில் உருப்பட்டவன் என்று மாஸ்டரே சொல்லுகிற ஆள். திருப்பதியில் டாக்டருக்குப் படிக்கிறவர்களுக்கு உடலியல் சொல்லிக்கொடுக்கிற வேலை. வாரா வாரம் அம்மாவைப் பார்க்க வருவான். நோட்டை முதலிலிருந்து கடைசி வரை புரட்டினான். பாராட்டுக்காக மாஸ்டர் காத்திருந்தார்.

"சார், முதல் தடவை எப்போ பாக்கறீங்க?"

"பால் வாங்கிட்டு வந்ததும்."

"சைக்கிள்லயா?"

"ஆமா."

"சைக்கிள் மிதிச்சு வந்த யாரையும் இருபது நிமிஷம் ஒக்கார வச்சா இறங்கும் சார். கண்ணைத் தொறந்துக்கினு இருந்தாலும் இறங்கும்." அவன் பக்கத்தைத் திருப்பினான். "இவங்களும் வெயில்ல நடந்து வந்தவுடனேதான் பாத்திருக்கீங்க. அப்புறம், காதுல மாட்டிக் கேட்டது யாரு?"

"நான்தான். என் காதுக்கு என்ன?"

"காதுக்கும் ஆசை இருக்கும் சார். நீங்க இறங்கணும்னு நெனச்சுக்கினு கேக்கறீங்க. ஏறணும்னு யாராவது நெனச்சுக் கேட்டா ஏறியே கேக்கும்."

மாஸ்டர் கிருபாபாயைப் பார்த்தார். கிருபாபாய் கூரையைப் பார்த்தார்.

"வெளிநாட்டுல டாக்டருங்க எழுதியிருக்காங்களே" என்றார் மாஸ்டர்.

"எழுதியிருக்காங்க. நானும் படிச்சேன். மூச்சு மெதுவாகுது, மனசு அடங்குது, சில பேருக்குப் பிரஷர் கொஞ்சம் கொறையுது. தலையில கம்பியை ஒட்டி மூளையோட அலையைக் கோடாப் போட்டுப் பாத்திருக்காங்க, அந்தக் கோடும் மாறுது. அதுக்கு அர்த்தம் இன்னான்னு இன்னும் யாரும் சரியாச் சொல்லல. பத்துப் பேரு, இருபது பேரை வச்சுப் பாத்ததுதான். பொய்யின்னு நான் சொல்லமாட்டேன் சார். ஆனா அவங்க யாரும் மாத்திரையைத் தூக்கிப் போடுன்னு எழுதல."

பிறகு அவன் ஒரு முறை வைத்தான். வந்தவுடன் அளக்கக்கூடாது, பத்து நிமிஷம் இளைப்பாறிய பிறகுதான் முதல் அளவு. அளக்கிறவர் யார் எந்தப் பட்டியல் என்று தெரியாதவராக இருக்கவேண்டும். அதற்கு ஆஸ்பத்திரியிலிருந்து வள்ளி என்ற புது நர்ஸை கிருபாபாய் கூட்டிவந்தார். ஜெபம் செய்பவர்கள் தனிப் பட்டியல். மூன்றாவதாக, நிஜமாகவே சும்மா உட்காருகிறவர்கள்.

மூன்றாவது பட்டியலுக்கு ஆள் கிடைக்கவில்லை. எங்கள் தெருவில் நாள் முழுக்கச் சன்னலில் உட்காருகிறவர்கள் உண்டு, இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் 'சும்மா' என்று பேர் எழுத யார் ஒத்துக்கொள்வார்கள்? மானம் என்று ஒன்று இருக்கிறதே.

"நான் ஒக்கார்றேன்" என்றார் கிருபாபாய்.

கிருபாபாய்க்கு ஏது நேரம்? டியூட்டி, சமையல், கோயில், பிறகு தெருவில் யாருக்குக் காய்ச்சல் வந்தாலும் ஊசி. அந்த அம்மாள் உட்கார்ந்து நாங்கள் பார்த்தது பஸ்ஸில் மட்டும்தான். மறுநாளிலிருந்து சாயங்காலம் ஐந்தரைக்கு வாசலில் பிரம்பு நாற்காலி போட்டு இருபது நிமிஷம் உட்கார்ந்தார். கண்ணைத் திறந்துகொண்டு, எதையும் எண்ணாமல், எதையும் ஜெபிக்காமல். முதல் நாள் இரண்டு தடவை எழுந்து பால் பொங்குகிறதா என்று பார்க்கப் போனார். நாலாம் நாள், "பொங்கட்டும்" என்றார்.

இரண்டு வாரம் கழித்துக் கணக்குப் பார்த்தால், மாஸ்டரின் இருபது, இருபத்திரண்டெல்லாம் கரைந்து நாலைந்தில் வந்து நின்றது. ஜெபக்காரர்களுக்கும் அதேதான். எல்லோரிலும் அதிகமாக இறங்கியது சும்மா உட்கார்ந்த கிருபாபாய்க்கு. அதைக் கேட்டு அவர் சிரித்தார். மாஸ்டர் சிரிக்கவில்லை.

"ஒரு ஆளை வச்சு ஒண்ணும் சொல்லமுடியாது. நான் மூணு மாசமா உட்கார்றேன். என்னோட மொத்தப் பிரஷரே கொறைஞ்சிருக்கும். அதை அளந்து பாரு."

"அப்படின்னா ஒரு நாள் முழுக்கப் பாக்கணும் சார். திருப்பதிக்கு வாங்க."

அடுத்த சனிக்கிழமை முதல் பஸ்ஸில் மாஸ்டர் கிளம்பினார். நாகபூஷணத்துக்கு மலைக்கு நடந்தே ஏறுகிற வேண்டுதல் பாக்கி இருந்ததால் முந்தின நாள் சாயங்காலமே சித்தூர் வந்து தங்கி, கூடப் போனார். அலிபிரியில் அவர் செருப்பைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு படியேறினார். மாஸ்டர் பாலசுந்தரத்தின் அறைக்குப் போனார். அங்கே கோவர்த்தனன் என்று ஒரு உதவியாளர். அவருக்குத் தியானமும் தெரியாது, மாஸ்டரையும் தெரியாது. மணிக்கொரு தரம் வந்து அளந்து எழுதிவிட்டுப் போனார். காலையில் நூற்றெழுபத்தி நாலு. மத்தியானம் தியானம் முடித்ததும் நூற்றறுபத்தி எட்டு. ஒரு மணி நேரம் கழித்து நூற்றெழுபத்தி மூன்று. சாயங்காலம் நூற்றெழுபத்தி ஆறு.

பாலசுந்தரம் அந்தத் தாளை நெடுநேரம் பார்த்தான்.

"சார், மாத்திரை போட்டுக்கினு இருக்கற ஆளுக்கு இவ்வளவு இருக்கக்கூடாதே."

மாஸ்டர் தாளை வாங்கி மடித்துப் பையில் வைத்தார். அவன் மறுபடி கேட்கவில்லை. வாத்தியாரிடம் அதற்குமேல் எப்படிக் கேட்பான்.

திரும்பி வருகிற பஸ்ஸில் நாகபூஷணம் மொட்டைத் தலையும் லட்டுப் பையுமாகப் பக்கத்தில் உட்கார்ந்தார். சந்திரகிரி தாண்டும்வரை மாஸ்டர் வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு தாளை எடுத்துக் காட்டி விஷயத்தைச் சொன்னார். ஏழு வாரமாக மாத்திரையை விழுங்கவே இல்லை. கிருபாபாய் கையில் கொடுப்பதை வாயில் போட்டு, கன்னத்தில் ஒதுக்கி, ஸ்கூலுக்குக் கொண்டுபோய்ச் சாக்பீஸ் டப்பாவில் போட்டு வைத்திருக்கிறார். தியானத்தின் பலன் சுத்தமாகத் தெரிய வேண்டுமானால் மாத்திரை கலக்கக்கூடாது என்று நினைத்தாராம்.

நாகபூஷணம் அவரை ஏற இறங்கப் பார்த்தார்.

"மாத்திரையை நிறுத்துன்னு நான் சொன்னனா, மாஸ்டரு?"

"நீங்க எந்த மருந்தும் இல்லாமதானே இவ்வளவு நிதானமா இருக்கீங்க?"

"அய்யோ ராமா." நாகபூஷணம் சட்டைப் பையிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்துப் பிரித்தார். உள்ளே வெள்ளை மாத்திரைகள். "சக்கரைக்கு. ஆறு வருசமா துன்னுக்கினு கீறேன். ஒரு வேளை தப்பினா எம் பொண்ணு செல்வி வீட்டுல சோறு போடமாட்டா. கண்ணை மூடிக் குந்தறது மனசுக்கு. இது உடம்புக்கு. ரெண்டையும் நான் எப்பவாச்சும் ஒண்ணுன்னு சொன்னனா?"

"நீங்க சொல்லவே இல்லையே."

"நீங்க கேக்கவே இல்லியே."

இதை எங்களுக்கு நாகபூஷணமே சொன்னார். லட்டைப் பிட்டுக் கொடுத்துக்கொண்டே சொன்னார், பெண்கள் சங்கத்திலும் சிலர் கைநீட்டி வாங்கிக்கொண்டார்கள். பேர் வேண்டாம்.

திங்கட்கிழமை சாயங்காலம் கிருபாபாய் நாற்காலியில் உட்கார்ந்திருந்தபோது மாஸ்டர் ஸ்கூலிலிருந்து வந்து சாக்பீஸ் டப்பாவை அவர் மடியில் வைத்தார். கிருபாபாய் திறந்து பார்க்கவில்லை.

"எத்தனை நாளா தெரியும் உனக்கு?" என்று கேட்டார் மாஸ்டர்.

"கொறட்டை நின்ன அன்னிலேர்ந்து."

யோசித்துப் பார்த்தால் எங்கள் எல்லோருக்கும் தெரிந்திருக்கவேண்டிய விஷயம். அந்த நாய் இரண்டு மாதமாக ஒரே இடத்தில் படுத்திருந்தது.

"தெரிஞ்சும் ஏன் கேக்கல?"

"கேட்டா பொய் சொல்லுவீங்க. பொய் சொன்னா உங்களுக்குப் பிரஷர் ஏறும்." கிருபாபாய் டப்பாவை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். "தெனம் ராத்திரி மூச்சு வருதான்னு பாத்துக்கினு படுத்திருந்தேன். சத்தம் இருந்தா தெரியும். சத்தம் இல்லாம கெடந்தா எப்படித் தெரியும் எனக்கு?"

மாஸ்டர் வாசற்படியில் உட்கார்ந்தார். இருபது நிமிஷத்துக்கு மேலேயே உட்கார்ந்திருந்தார். ஒன், ஒன் என்று சத்தம் வரவில்லை. நாங்களும் சன்னலில் அன்று அதிக நேரம் நிற்கவில்லை. எங்களுக்கும் வேலை இருந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

மறுநாள் டாக்டரிடம் போனார்கள். பழைய மாத்திரையைப் பாதியாக்கி, கூட நீர் பிரிகிற மாத்திரை ஒன்றைச் சேர்த்தார். வகுப்பில் தூக்கம் போயிற்று, குறட்டை பாதி திரும்பி வந்தது. காலையில் கண்ணை மூடி உட்காருவதை மாஸ்டர் விடவில்லை. அது நன்றாக இருக்கிறது என்றார், ஏன் நன்றாக இருக்கிறது என்று கேட்டவர்களிடம் இன்னும் தெரியவில்லை என்றார். சயன்ஸ் வாத்தியார் ஒருவர் தெரியவில்லை என்று சொல்லி எங்கள் தெரு கேட்டது அதுதான் முதல் தடவை. நோட்டில் ஞானம்மாளின் கண்முன்னால் தலைப்பை அடித்து 'ஜெபம் செய்வோர்' என்று எழுதினார். அடுத்த பக்கத்தில் 'சும்மா உட்கார்ந்திருப்போர்' என்ற தலைப்பின் கீழே கிருபாபாய் தன் பேரைத் தானே எழுதிக்கொண்டார்.

டிசம்பர் வந்தது, மாஸ்டருக்கு நாற்பத்தெட்டு ஆனது. அடுத்த டிசம்பரும் வந்தது, அண்ணனின் வயதைத் தாண்டினார். அன்றைக்கு கிருபாபாய் ஞானம்மாளின் புதன்கிழமைக் கூட்டத்தில் ஸ்தோத்திர காணிக்கை போட்டார். எதற்கு என்று யாரும் கேட்கவில்லை.

பாலசுந்தரம் லூம் சத்தத்தில் வேலை செய்பவர்களின் பிரஷரை ஆராயவேண்டும் என்று நகரிக்குப் போக ஆரம்பித்தான். ஆராய்ச்சி ஒன்றரை வருடம் நடந்தது. அதில் நாகபூஷணத்தின் மகள் செல்வியின் நாடியைத்தான் அதிகத் தடவை பார்த்தான் என்று கேள்வி. எண்பதில் இரண்டு பேருக்கும் கல்யாணம், புத்தூரில். திருப்பதியில் குடித்தனம், இப்போது இரண்டு பெண் குழந்தைகள். பிரஷர் அளக்க வந்த வள்ளியைத் திருப்பதி உதவியாளர் கோவர்த்தனன் கட்டிக்கொண்டார். அந்தக் கல்யாணத்துக்கும் இந்த நோட்டுதான் காரணம் என்று மாஸ்டருக்கு ஒரு பெருமை. ஞானம்மாள் மகனோடு கோலாருக்குப் போய்விட்டார். அங்கேயும் புதன்கிழமைக் கூட்டம் நடத்துகிறாராம், ஜெபத்துக்கு முன்னும் பின்னும் பிரஷர் பார்க்கவேண்டும் என்று மருமகளை மிஷின் வாங்கச் சொல்லித் தொந்தரவு செய்கிறாராம்.

மாஸ்டர் போன வருடம் ரிட்டையர் ஆகி, வடமாலபேட்டையில் மனை வாங்கி வீடு கட்டிக்கொண்டு கிருபாபாயோடு போய்விட்டார். சாமான் ஏற்றுகிற லாரியில் பிரம்பு நாற்காலியைக் கடைசியில்தான் ஏற்றினார்கள், ஐந்தரை மணி ஆகிவிட்டதால். போன மாதம் மணியம்மா அந்தப் பக்கம் போனபோது பார்த்துவிட்டு வந்தார். மத்தியானம் குறட்டை பலமாகக் கேட்கிறதாம், கிருபாபாய் அதன் பக்கத்திலேயே படுத்து நன்றாகத் தூங்குகிறாராம்.